எழுத்தர் பெட்டி: கைக்குப் பயிற்சி உண்டு, கணக்குக்கு இடமில்லை

பண்டைய எழுத்தர்களின் தொழிலைக் கையால் செய்து பார்த்தே கற்றுக்கொள்ள வேண்டும் என்ற நோக்கில் வெளிவந்திருக்கும் பயிற்சிப் பெட்டி ஒன்றைப் பயன்படுத்திப் பார்த்தபின் எழுதப்படும் மதிப்புரை இது. மூன்று தட்டுகளாக அடுக்கப்பட்ட அந்த மரப்பெட்டியின் முதல் தட்டில் மெசொப்பொத்தேமியாவுக்குரிய களிமண்ணும் நாணல் குச்சிகளும் உள்ளன. இரண்டாவதில் எகிப்துக்குரிய பாப்பிரஸ் தாள்களும், கறுப்பு, சிவப்பு மைக்கட்டிகள் பதித்த மரப்பலகையும் இருக்கின்றன. மூன்றாவது தட்டு இடைக்கால ஐரோப்பாவுக்குரியது. பதப்படுத்திய தோல் தாள், வாத்திறகு, சிறு கத்தி, மாசிக்காய் மை ஆகியவற்றைக் கொண்டது. இவற்றோடு, எழுத்தர் என்பவர் யார், அவர் என்ன செய்தார் என்று விளக்கும் வழிகாட்டி நூல் ஒன்றும் தரப்படுகிறது. பொருள்களைத் தேர்ந்தவர்களுக்குத் தொழில் தெரிந்திருக்கிறது. நூலை எழுதியவர்களுக்கு அந்தத் தொழில் எதற்காக இருந்தது என்பது போதிய அளவு தெரிந்ததாகத் தோன்றவில்லை.

முதல் தட்டே பெட்டியின் சிறந்த பகுதி. களிமண் மணல் நெருடாமல், விரலில் அதிகம் ஒட்டாமல் பிசைய வருகிறது. நறுக்கிய நாணலின் மூலையை அதில் அழுத்தினால், ஒரு முனை அகன்றும் மறுமுனை கூர்ந்தும் ஆப்பு வடிவத்தில் ஒரு பள்ளம் விழுகிறது. அதே குச்சியால் கோடு இழுக்க முயன்றால், உழவுச் சால் போல இரு கரையிலும் மண் மேடிட்டு, அடுத்த குறியை மூடிவிடுகிறது. தொடக்கத்தில் படம் வரைவதுபோல் எழுதி வந்தவர்கள் பின்னர் ஏன் கோடு இழுப்பதை விட்டு அழுத்தும் முறைக்கு மாறினார்கள் என்பதைப் பல பக்க விளக்கத்தைவிட இந்த ஒரு செயல் தெளிவாகக் காட்டிவிடுகிறது. ஓரங்கள் முதலில் காய்ந்துவிடுவதால் ஈரம் இருக்கும்போதே எழுதி முடித்தாக வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் அளவிலேயே பெரும்பாலான களிமண் பலகைகள் செய்யப்பட்டதன் நியாயமும் அப்போது விளங்குகிறது. எழுதியதைக் கசக்கி மீண்டும் பயன்படுத்தலாம் என்று நூல் சொல்லும் குறிப்பு சரியானது. ஈராக்கில் உள்ள நிப்பூரில் 1950களின் தொடக்கத்தில் அகழப்பட்ட ஒரு வீடு எழுத்தர் பள்ளியாகவும் இயங்கியது. அங்கே 1,000-க்கும் மேற்பட்ட பயிற்சிப் பலகைகளும் துண்டுகளும் கிடைத்ததோடு, பழைய பலகைகளை ஊறவைத்துக் குழைக்கும் தொட்டியும் காணப்பட்டது.

ஆனால் அதே தட்டுக்கான பாடம் ஏமாற்றம் அளிக்கிறது. ஆப்பெழுத்தை அகரவரிசைபோல் ஓர் அட்டவணையில் அடுக்கி, உங்கள் பெயரை எழுதிப் பாருங்கள் என்கிறது நூல். ஆப்பெழுத்தில் ஒரே குறி ஓர் இடத்தில் அசையாகவும் மற்றோர் இடத்தில் முழுச் சொல்லாகவும் நிற்கும். புழக்கத்தில் இருந்த குறிகள் ஏறத்தாழ 600. நிப்பூர் மாணவர்கள் தனி ஆப்புகளை அழுத்தப் பழகி, பிறகு அசைகள், பிறகு ஆட்பெயர்கள், பிறகு மரங்கள், மரப்பொருள்கள், விலங்குகள் என்று நீளும் சொற்பட்டியல்கள், பிறகு எடை, அளவை, பெருக்கல் வாய்பாடு, மாதிரி ஒப்பந்தங்கள் என்று படிப்படியாக ஏறிய பின்னரே இலக்கியப் பாடங்களைத் தொட்டார்கள். ஆசிரியர் ஒரு பக்கம் எழுதித் தர, மாணவர் மறுபக்கம் அதைப் பார்த்து எழுதிய வட்டக் களிமண் வில்லைகள் இன்றும் இருக்கின்றன. இந்த வில்லைப் பயிற்சியைச் சேர்த்திருந்தாலே பாடம் பாதி நேராகியிருக்கும். கூடுதல் பொருள் எதுவும் அதற்குத் தேவைப்படாது.

அந்தப் பாட வரிசையில் கதைகளுக்கு முன்னால் எடையும் ஒப்பந்தமும் நிற்பதற்குக் காரணம் உண்டு. மெசொப்பொத்தேமியாவின் உருக் நகரில் கி.மு. 3200 அளவில் எழுதப்பட்ட மிகப் பழைய பலகைகளில் மிகப் பெரும்பாலானவை பார்லி, பீர், ஆடுமாடு, ஆட்கள், பங்கீடு ஆகியவற்றின் கணக்குகளே. எழுத்தர் என்பவர் முதன்மையாகக் கணக்கர். களஞ்சியத்துக்குள் வந்தது எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு, யாருக்கு எத்தனை படி என்பதை நினைவின் பிடியிலிருந்து விடுவித்து, நிர்வாகத்தின் பிடிக்குள் கொண்டுவந்தவர். பாபிலோனிய ஒப்பந்தங்களில் சாட்சிகளின் பட்டியலில், பெரும்பாலும் கடைசியில், எழுத்தரின் பெயரும் வரும். அவர் எழுதுபவர் மட்டும் அல்லர், எழுதப்பட்டதற்குப் பொறுப்பேற்பவரும்கூட. வழிகாட்டி நூலோ எழுத்தர்களைத் திரும்பத் திரும்ப “கதைகளைக் காத்தவர்கள்” என்றே அழைக்கிறது. அவர்கள் கதைகளைக் காத்தார்கள் என்பதில் ஐயமில்லை; நினிவேயில் அசீரிய மன்னன் அசுர்பானிபால் திரட்டிய நூலகத்திலிருந்து 30,000-க்கும் மேற்பட்ட பலகைகளும் துண்டுகளும் மீண்டிருக்கின்றன. ஆயினும் அந்த அரசவைக்குச் சோறு போட்டது வரிக்கணக்கு என்பதை நூல் ஓரிடத்திலும் சொல்லவில்லை.

எகிப்துத் தட்டில் பாப்பிரஸ் தாள் தரமானது. நார்களின் குறுக்கு நெடுக்கு அமைப்பு வெளிச்சத்தில் பிடித்தால் தெளிவாகத் தெரிகிறது, நெடுக்கு நாரின் போக்கில் எழுதும்போது மை பரவுவதும் இல்லை. கரிப்பொடியும் கருவேலம் பிசினும் சேர்ந்த கறுப்பு மைக்கட்டியில் ஈரத் தூரிகையைத் தேய்த்தாலே போதும், நல்ல கருமை கிடைக்கிறது. குறை எழுதுகோலில் இருக்கிறது. நுனி பிளந்த நாணல் பேனாவை வைத்திருக்கிறார்கள். அது கிரேக்கர்களுடன் கி.மு. மூன்றாம் நூற்றாண்டுவாக்கில் எகிப்துக்கு வந்தது. அதற்கு முந்தைய ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக எகிப்திய எழுத்தர்கள் கோரைத் தண்டின் நுனியை மென்று நைத்துத் தூரிகையாக்கியே எழுதினார்கள். இது சிறிய விவரம்போலத் தோன்றலாம்; ஆனால் பிளந்த நுனி தரும் கோட்டுக்கும் நைந்த நுனி தரும் கோட்டுக்கும் உள்ள வேறுபாடுதான் அந்தக் கால எழுத்தின் உருவத்தையே தீர்மானித்தது. பெட்டியின் மேல்மூடியில் அச்சிடப்பட்டிருப்பதோ லூவ்ர் அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற அமர்ந்த எழுத்தர் சிலை. 1850-இல் சக்காராவில் கிடைத்த அந்தச் சுண்ணாம்புக்கல் சிலையின் வலக்கையில் இருந்த எழுதுகோல் தொலைந்துவிட்டது. அதற்குப் பதிலாகப் பெட்டிக்காரர்கள் வேறு காலத்து எழுதுகோலைக் கொடுத்துவிட்டார்கள்.

எகிப்தின் பள்ளிப் பாடங்களில் குயவர், வண்ணார், உழவர் முதலியோரின் பாடுகளைக் கேலியாக வருணித்து, எழுத்தராகிவிடு, உன்னை ஏவுவோர் இருக்கமாட்டார் என்று சிறுவனுக்கு அறிவுரை சொல்லும் பகுதிகள் உண்டு. வழிகாட்டி நூல் இவற்றை எழுத்தின் பெருமைக்குச் சான்றாக எடுத்துக்காட்டுகிறது. அவற்றை எழுதியவர்களும் எழுத்தர்களே என்பதை ஒரு வரியில் நினைவூட்டியிருக்கலாம். தீப்ஸ் நகரத்து மென்னா என்ற நில அலுவலரின் கல்லறைச் சுவரில், விளைநிலத்தைக் கயிறு பிடித்து அளப்பவர்கள், தானியக் குவியலின் முன் பலகையும் கையுமாக நிற்கும் எழுத்தர்கள், அடி வாங்கும் உழவர் ஆகிய அனைத்தும் அடுத்தடுத்துத் தீட்டப்பட்டுள்ளன. எழுத்தரின் மரியாதை எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்தச் சுவரைவிட நேர்மையான விளக்கம் வேண்டியதில்லை.

மூன்றாம் தட்டைக் குறித்துச் சொல்ல அதிகம் இல்லை, ஏனெனில் குறை குறைவு. தோல் தாளின் மயிர்ப்பக்கம் சற்றே மஞ்சளாகவும் புள்ளிகளோடும், தசைப்பக்கம் வெளுத்து வழவழப்பாகவும் இருப்பதால் உண்மையான தோல்தான் என்று உறுதியாகிறது. மாசிக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்ந்த மை எழுதும்போது வெளிறி, காற்றுப் பட்டபின் கறுக்கிறது. கத்தி இறகைச் சீவுவதற்கு மட்டுமல்லாமல், இடக்கையில் வைத்துத் தாளை அழுத்திப் பிடிப்பதற்கும், பிழையைச் சுரண்டி எடுப்பதற்கும் உரியது என்பதை நூல் சரியாகவே விளக்குகிறது. எழுதுபவை மூன்று விரல்களே, உழைப்பது முழு உடலும் என்று ஏடுகளின் இறுதியில் அக்காலப் படியெடுப்போர் எழுதிவைத்த புலம்பலின் பொருள், முதுகு வலிக்கத் தொடங்கும்போது புரிகிறது. கி.பி. 716-க்கு முன் இங்கிலாந்தின் வடகிழக்கில் எழுதப்பட்ட அமியாட்டினுஸ் விவிலியச் சுவடி 1,030 ஏடுகள் கொண்டது. அதையும் சேர்த்து மூன்று படிகள் ஒரே மடத்து இல்லங்களில் எழுதப்பட்டன. எனினும் இடைக்கால எழுத்தர் என்றாலே மௌனத் துறவி என்று நூல் நின்றுவிடுவது போதாது. 13ஆம் நூற்றாண்டில் பாரிஸ், பொலோன்யா பல்கலைக்கழகங்களைச் சுற்றிக் கூலிக்குப் படியெடுப்போர் பெருகினர். சரிபார்த்த மூலபடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து வாடகைக்கு விட்டு, பலர் ஒரே நேரத்தில் படியெடுக்கும் முறையும் ஏற்பட்டது. பெண்களும் இதில் இருந்தார்கள். ஜெர்மனியின் டால்ஹைம் மடத்தில் புதைக்கப்பட்ட ஒரு பெண்ணின் பற்காரையில் விலையுயர்ந்த நீலக்கல் நிறமியின் துகள்கள் இருந்ததை 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. தூரிகை நுனியை வாயில் வைத்துக் கூராக்கிய பழக்கத்தை அது சுட்டுவதாகக் கருதப்படுகிறது.

பெட்டியில் இல்லாதவை பல. ஓலையும் எழுத்தாணியும் இல்லை. சில நூற்றாண்டுகளுக்குள் ஏடு செல்லரித்துப் போகும் மரபில், மறுபடி படியெடுப்பவர் இல்லையேல் நூலே இல்லை என்ற நிலை எழுத்தருக்குத் தந்த பொறுப்பு தனியாகப் பேசப்பட வேண்டியது. சீனமும் இல்லை, கி.மு. 186 காலத்து ஹான் அரசமரபின் சட்டச் சுவடிகளின்படி, எழுத்தர் பணிக்குப் பயில்பவர் 5,000-க்கு மேற்பட்ட எழுத்துகளை ஓதவும் எழுதவும் வல்லவராக இருந்தால்தான் தேர்வார். முடிச்சுக் கயிறுகளில் கணக்குக் காத்த, தென் அமெரிக்க இன்காக்களின் அலுவலர்கள் நினைவுகூரப்படவும் இல்லை.

இவற்றையெல்லாம் ஒரு பெட்டிக்குள் அடக்க முடியாது என்று விட்டுவிடலாம். விட முடியாத குறை வேறொன்று. படியெடுத்ததை மூலத்தோடு ஒப்புநோக்கும் பயிற்சி இந்தப் பெட்டியில் எங்கும் இல்லை. யூதர்களின் மறைநூலான தோராவின் சுருளில் 304,805 எழுத்துகள் உண்டு. ஓர் எழுத்து விடுபட்டாலும் அது திருத்தப்படும்வரை வழிபாட்டில் ஓதுவதற்கு உரியதாகாது, இறைப்பெயரில் பிழை நேர்ந்தாலோ சுரண்டவும் கூடாது. எழுத்தர் தொழிலின் பாதி எழுதுவது, மறுபாதி சரிபார்ப்பது. ஒரே சொல்லில் முடியும் இரண்டு வரிகளில் முதல் வரியை எழுதிவிட்டு நிமிரும் கண், இரண்டாவது வரியின் முடிவில் போய் விழுந்து இடைப்பட்டதை முழுவதுமாக விழுங்கிவிடும்; பல மொழிகளின் சுவடிகளில் பாடபேதங்கள் உண்டானதற்கு இது ஒரு பெருங்காரணம். அத்தகைய ஒரு பத்தியை மாதிரியாக அச்சிட்டு, படியெடுக்கச் சொல்லி, பிறகு மற்றொருவரைக் கொண்டு ஒப்பிட வைப்பதற்கு ஒரு தாள் போதும்.

அச்சு வந்ததும் எழுத்தர்கள் மறைந்தார்கள் என்று நூலின் கடைசிப் பக்கம் சொல்வதையும் திருத்த வேண்டும். படியெடுப்பதைப் போற்றி 1492-இல் எழுதிய மடத்தலைவர் டிரித்தேமியஸ், அந்த நூலையே 1494-இல் அச்சில் கொண்டுவந்தார் என்பது சுவையான முரண். ஆனால் பத்திரமும் கடிதமும் பேரேடும் எழுதும் கூலி எழுத்தர்கள் தட்டச்சுப் பொறி வரும்வரை அலுவலகங்களில் நிறைந்திருந்தார்கள்.

வகுப்பறைக்கு வாங்க நினைப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். களிமண் தட்டுக்காக மட்டும் வாங்கினாலும் நட்டமில்லை. எகிப்துத் தட்டின் நாணலை ஒதுக்கிவிட்டு, கோரைத் தண்டு ஒன்றை நீரில் ஊறவைத்து நுனியை நைத்துக்கொள்வது நல்லது. கத்தி கூரானது, ஆகவே சிறுவர்களிடம் தனியே கொடுக்கக் கூடாது. மாசிக்காய் மை துணியில் பட்டால் போகாது. தோல் தாள் இரண்டே துண்டுகள் தரப்படுவதால், முதலில் சாதாரணத் தாளில் கோடிட்டுப் பழகிய பிறகு அதைத் தொடுவது உசிதம்.