மும்பை ஈரக்காற்றில் பழைய ஸ்டீரியோ: ஆறு மழைக்காலங்களுக்குப் பிறகு

செட் இதுதான்: எழுபதுகளின் கடைசியில் வந்த ஜப்பான் ரிசீவர் (ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே பெட்டியில்), சேனலுக்கு 45 வாட், 8 அங்குல ஊஃபர் (கனமான ஒலிக்கான வட்டு) கொண்ட ஸ்பீக்கர் ஜோடி, பெல்ட்டில் ஓடும் டர்ன்டேபிள். இருப்பது மாட்டுங்காவில், மூன்றாம் மாடி, 10க்கு 12 அடி ஹால். ஆறு மழைக்காலம் தாண்டியும் ரிசீவரில் ஒரு டிரான்சிஸ்டர்கூடப் போகவில்லை. தொந்தரவு கொடுத்ததெல்லாம் ஸ்விட்ச், ஸ்பீக்கரை இணைக்கும் ரிலே (மின்சாரத்தில் இயங்கும் ஸ்விட்ச்), ஸ்பீக்கர் விளிம்பின் ஃபோம். பழைய செட் என்றாலே எல்லோரும் கண்டன்சரை (மின்தேக்கியை) பார்த்துப் பயப்படுகிறார்கள். இந்த ஊரில் பயப்பட வேண்டியது ஈரத்துக்கு.

பழைய சாமான் விற்கும் சோர் பஜார் மட்டன் ஸ்ட்ரீட்டில் நம் முகத்தைப் பார்த்ததுமே "அண்ணா, சாலு ஹை" (ஓடுது) என்பார்கள். அதற்குப் பொருள் டயல் விளக்கு எரிகிறது என்பது மட்டும்தான். கையில் ஒரு மல்டிமீட்டர், ஒரு 1.5 வோல்ட் பேட்டரி, போனிலிருந்து செட்டின் பின்பக்க ஆர்சிஏ துளைகளுக்குப் போகும் ஒரு கேபிள், இவ்வளவும் இல்லாமல் போகாதீர்கள். முதலில் செட்டைத் திருப்பிப் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். வளைகுடாவிலிருந்து வந்த செட் என்றால் 110/120/220/240 என்று செலக்டர் இருக்கும், 240இல் வையுங்கள். வெறும் "100V" என்று மட்டும் இருந்தால் அது ஜப்பான் உள்நாட்டுக்குச் செய்தது. 230இல் செருகினால் அன்றைக்கே கதை முடிந்தது. தனி ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். தகட்டில் 300 வாட் என்று போட்டிருந்தால் 500 விஏவுக்குக் குறையாமல் வாங்குங்கள். இன்னொரு இழப்பும் உண்டு: ஜப்பானின் பழைய எஃப்எம் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். இங்கே 91.1, 98.3 எல்லாம் அந்த டயலுக்கு வெளியே. டியூனர் சும்மா அழகுக்குத்தான். அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம்.

மூடியைக் கழற்ற விடாத கடைக்காரரிடம் வாங்க வேண்டாம். திறந்ததும் ஃபியூஸைப் பாருங்கள். கண்ணாடி ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செப்புக் கம்பி சுற்றியிருந்தால், முன்பு எதற்காக ஃபியூஸ் போனதோ அந்தக் கோளாறு உள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். அவுட்புட் பகுதியில் ஒலியைப் பெருக்கும் எஸ்டிகே ஐசி புதிதாகப் பளபளத்தாலும் உஷார். சந்தையில் போலி அதிகம். வால்யூமை ஏற்றினால் போய்விடும்.

வீட்டுக்கு வந்ததும் நேராகப் பிளக்கில் செருகாதீர்கள். எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரீஸ் போர்டு (கரன்ட் ஒரு பல்பு வழியாகச் செட்டுக்குப் போகும்) ஒன்று போதும்: 100 வாட் குண்டு பல்பு, ஹோல்டர், பிளக். எல்இடி பல்பு இதற்கு ஆகாது. ஸ்பீக்கரை மாட்டாமல் செட்டை ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு நொடி பிரகாசமாக எரிந்து மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்தபடியே இருந்தால் உள்ளே ஷார்ட், உடனே நிறுத்துங்கள். இந்தக் கட்டம் தாண்டினால் போர்டை எடுத்துவிட்டு நேரடி இணைப்பு கொடுக்கலாம். சில நொடிகளில் "டக்" என்று ரிலே விழும். அப்புறம் ஸ்பீக்கர் டெர்மினலில் மீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வையுங்கள். 50க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 100ஐத் தாண்டினால் மெக்கானிக் பார்த்த பிறகுதான் ஸ்பீக்கர். ரிலே விழவே இல்லையென்றால் பாதுகாப்பு சர்க்யூட் அவுட்புட்டில் ஏதோ கோளாறைப் பார்க்கிறது. ரிலேயைத் தாண்டி ஒயரை நேராக இணைத்துப் பாட்டுக் கேட்க முயன்றால் ஊஃபர் எரியும்.

ஒரு சேனல் மட்டும் வரவில்லையா? பத்தில் எட்டுச் செட்டுக்கு மருந்து, கேசட் டெக்குக்காக வைத்த டேப் மானிட்டர் ஸ்விட்ச்தான் என்பேன். கணக்கெடுத்துச் சொல்லவில்லை, ஆனால் முதலில் கை வைக்க வேண்டிய இடம் அதுதான். சிக்னல் அதன் வழியாகத்தான் போகிறது. பல வருடம் யாரும் அழுத்தாததால் உள்ளே இருக்கும் வெள்ளிப் பூச்சு கறுத்துவிடுகிறது. கரன்ட்டை எடுத்துவிட்டு, கான்டாக்ட் கிளீனரின் மெல்லிய குழாயை ஸ்விட்சின் இடுக்கில் விட்டு ஒரே ஒரு பீச்சல். பிறகு 30 தடவை அழுத்தி அழுத்தி விடுங்கள். வால்யூம், பேலன்ஸ், பாஸ் எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம்; கரகரப்பு போய்விடும். கதவுக் கீலுக்கு அடிக்கும் துரு ஸ்ப்ரேயை இதில் அடித்துப் பாழாக்கிய செட்கள் ஏராளம்.

இன்னொரு அடையாளம்: மெதுவாக வைத்தால் ஒரு பக்கம் காணாமல் போகும், சத்தத்தைக் கூட்டினால் திரும்பி வரும். இது ஸ்பீக்கர் ரிலேயின் கான்டாக்ட். ரிலே மூடியைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த விசிட்டிங் கார்டுத் துண்டை இரண்டு கான்டாக்ட்டுக்கும் நடுவில் வைத்து இழுத்தால் கறுப்பாக வரும். கறுப்பு நிற்கும்வரை இழுங்கள். உப்புத்தாள் வேண்டாம், பூச்சு போய்விட்டால் இன்னும் சீக்கிரம் கறுக்கும். எங்கள் செட்டுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இந்த வேலை வந்துகொண்டே இருந்தது. கடைசியில் அதே காயில் வோல்ட் கொண்ட புது ரிலே போட்டதும் நின்றது.

கண்டன்சர் விஷயத்தில் என் கருத்து: எல்லாவற்றையும் மொத்தமாகப் பிடுங்காதீர்கள். வால்யூமைக் குறைத்தாலும் மாறாத கனமான "உம்" இருந்தால் பவர் சப்ளையின் பெரிய கண்டன்சரை மாற்றுங்கள்: அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது அதற்கு மேல், 105 டிகிரி ரகம். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள லாமிங்டன் ரோட்டில் வாங்கும்போது விட்டத்தையும் கால் இடைவெளியையும் அளந்துகொண்டு போங்கள். தொடுவதற்கு முன் 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டரை அதன் கால்களில் வைத்துச் சார்ஜை இறக்கியே ஆக வேண்டும். வால்யூமோடு சேர்ந்து "உம்"மும் ஏறினால் அது வேறு நோய்; டர்ன்டேபிளின் தனி எர்த் ஒயர் ரிசீவரின் ஜிஎன்டி (எர்த்) திருகில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்பீக்கரில் 8 ஓம் என்று எழுதியிருந்தால் மீட்டரில் 6 முதல் 7 வரை காட்டும், அது சரிதான். பேட்டரியை பிளஸ்ஸுக்குப் பிளஸ்ஸாக ஒரு கணம் தொட்டால் கோன் (அசையும் கூம்பு) முன்னே வர வேண்டும், இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே திசையில். ஊஃபரைச் சுற்றிய விளிம்பு ஃபோமா ரப்பரா என்பதுதான் பெரிய கேள்வி. ரப்பரும் துணியும் நெடுநாள் வரும். ஃபோம் இந்தக் காற்றில் வெல்லப்பாகு மாதிரிப் பிசுபிசுத்து, பிறகு உதிரும். எங்கள் ஜோடிக்கு வாங்கிய கையோடு ஃபோம் மாற்றியாயிற்று. அதில் பசை ஒட்டுவது சுலபம். கோனை நடுவில் நிறுத்துவதுதான் வேலை. வெளி விளிம்பை ஒட்டும்போது 30 ஹெர்ட்ஸ் டோனை மிக மெதுவாக ஓடவிட்டு, "சர் சர்" என்று உரசும் பக்கத்திலிருந்து கோனைத் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டும். உரசல் நின்ற இடத்தில் அழுத்தி, 24 மணி நேரம் தொடாதீர்கள். ஒயர் 1.5 சதுர மிமீ செம்பு, 5 மீட்டர் நீளத்துக்குத் தாராளம். அதற்கு மேல் செலவழிப்பது வீண்.

டர்ன்டேபிளில் ஒரு வலை இருக்கிறது. ஜப்பானில் கிழக்கே 50 ஹெர்ட்ஸ், மேற்கே 60. ஏசி மோட்டார் உள்ள டர்ன்டேபிளில் 60க்கான புல்லி (பெல்ட்டை இழுக்கும் சக்கரம்) இருந்தால் இங்கே 33⅓ சுற்றுக்குப் பதிலாக 27.8தான் சுற்றும், 5 கட்டையில் பாடியவர் 3 கட்டைக்கு இறங்கிவிடுவார். புல்லியை மாற்றினால் சரியாகும். ஊசி அழுத்தத்தை நகைக்கடைத் தராசு மாதிரியான 0.01 கிராம் டிஜிட்டல் தராசில் பாருங்கள்: ஏடி3600எல் கார்ட்ரிட்ஜுக்கு (ஊசியைத் தாங்கும் பகுதி) 3 கிராம், ஏடி-விஎம்95இக்கு 2. குறைத்து வைத்தால் தட்டுக்கு நல்லது என்பது தப்பு. ஊசி பள்ளத்தில் குதித்துத்தான் தட்டைக் கீறும். 78 ஆர்பிஎம் அரக்குத் தட்டில் ஆல்கஹால் படவே கூடாது, கரைந்துவிடும்.

சின்ன ஹாலில் டர்ன்டேபிளையும் ஸ்பீக்கரையும் ஒரே அலமாரியில் வைக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். தட்டைச் சுற்றவிடாமல் ஊசியை மட்டும் வைத்து வால்யூமை மெல்ல ஏற்றிப் பாருங்கள். "ஊம்" என்று முழக்கம் எழுந்தால் இடம் மாற்ற வேண்டும். எங்களுக்குச் சுவரில் அடித்த பலகைதான் தீர்வு.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தினமும் ஒரு மணி நேரமாவது செட்டை ஓடவிடுங்கள். உள்சூடே ஈரத்தை விரட்டும். ஊருக்குப் போகும்போது பிளாஸ்டிக் உறை போட்டு மூடிவைத்த வருடம் சேஸிஸில் பூஞ்சை பிடித்தது, டிரான்சிஸ்டர் கால்கள் கறுத்தன. இப்போது பழைய வேட்டித் துணிதான் போர்வை. செட் நிற்கும் பலகை வெளிச்சுவரிலிருந்து 15 செமீ தள்ளி இருக்கிறது. பின்னால் இருக்கும் காற்றுத் துளைகளை மாதம் ஒருமுறை பிரஷால் தட்டிவிடுகிறோம், கரப்பான் குடியேறாமல்.