நுழைவுச் சீட்டை நடைபயண அனுமதி என்று நம்பி ஏமாந்தோம்

சோதனைச்சாவடியில் இருந்த வனக் காவலர் எங்கள் சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு தேதியின் மேல் கட்டைவிரல் நகத்தால் லேசாகச் சுரண்டினார். வெள்ளை மை உதிர்ந்தது. 8-க்கு அடியிலிருந்து 3 எட்டிப் பார்த்தது. ஐந்து நாளுக்கு முன்பே காலாவதியான சீட்டு.

தேதி சரியாக இருந்திருந்தாலும் பயனில்லை. அது நடைபயண அனுமதியே அல்ல, பார்வையாளர் மையம் வரை போய்வருவதற்கான நுழைவுச் சீட்டு. அது பொடி எழுத்தில் அச்சாகியே இருந்தது. மேலே இருந்த பெரிய முத்திரையில் மயங்கிய நாங்கள் நால்வரும் அதைப் படிக்கவில்லை. மூன்று மாதமாகத் திட்டமிட்டவர்கள், ஒரு தாளை முழுதாகப் படிக்க மூன்று நிமிடம் ஒதுக்கவில்லை!

வனத்துறையின் இணையதளத்தில் அந்த வார இறுதிக்கு இடம் தீர்ந்துவிட்டது என்றுதான் காட்டியது. எங்கள் பயணத்தை ஏற்பாடு செய்த ஏஜென்டோ, "சார், அது வெளியாட்களுக்கு. உள்ளே நம் ஆள் இருக்கிறார்" என்றார். அங்கேயே விலகியிருக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட காடுகளில் ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு வைப்பதே பாதை தேயாமலும் விலங்குகள் மிரளாமலும் இருப்பதற்காகத்தான். பெருவின் இன்கா பாதையில் வழிகாட்டிகள், சுமை தூக்குபவர்கள் உட்பட நாளொன்றுக்கு 500 பேருக்கே அனுமதி. அந்த அனுமதி பாஸ்போர்ட் எண்ணோடு பிணைக்கப்பட்டது, பெயர் மாற்ற முடியாது. பிப்ரவரி முழுக்கப் பராமரிப்புக்காகப் பாதையையே மூடிவிடுவார்கள். அமெரிக்காவின் யோசெமிட்டி பூங்காவில் ஹாஃப் டோம் பாறை ஏறக் குலுக்கலில் கிடைக்கும் அனுமதியை விலைக்கு விற்றால் அது செல்லாது. இதையெல்லாம் வீடு திரும்பிய பிறகுதான் தேடிப் படித்தேன்.

காவலர் கண்ணியமாகவே பேசினார். சீட்டை மட்டும் திருப்பித் தரவில்லை. ஏஜென்டைத் தொலைபேசியில் பிடித்தால், கொஞ்சமும் கூசாமல் "இருட்டியதும் ஓடைப் பக்கமாக ஒரு வழி இருக்கிறது, ஆள் அனுப்புகிறேன்" என்கிறார். அனுமதியின்றி உள்ளே போவது குற்றம் என்பது ஒருபுறம். பதிவேட்டில் பெயர் இல்லாதவன் உள்ளே கால் முறிந்து கிடந்தால், அவனைத் தேட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? மறுத்துவிட்டோம். கடைசியில் காட்டின் எல்லைக்கு வெளியே வாகனங்கள் போகும் தார்ச் சாலையில் இரண்டு மணி நேரம் நடக்கவிட்டு, "காட்சி ஒன்றுதான் சார்" என்றான் அவர் அனுப்பிய பையன். பாவம், அவனைத் திட்டி என்ன பயன்?

யாரிடம் பதிவு செய்தாலும், முன்பணத்துக்கு முன்னால் அனுமதி எண்ணைக் கேளுங்கள். பாதையின் பெயர், தேதி, ஒவ்வொருவரின் பெயரும் அடையாள எண்ணும் அதில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, அந்த எண்ணைத் துறை அலுவலகத்தில் நீங்களே விசாரியுங்கள். 'கிளம்பும் அன்று கையில் தருகிறேன்' என்பவரிடம் பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள்.

பாதிப் பணம்தான் திரும்பி வந்தது. சாவடிக்கு முன்னால் அன்று காலை நாங்கள் சிரித்தபடி எடுத்துக்கொண்ட படம், 'சிகரம் தொட்ட மகிழ்ச்சி' என்ற வரியோடு அந்த ஏஜென்டின் விளம்பரத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.