ஆட்டோஸ்டோர்: வாங்குமுன் அடியில் கிடக்கும் பெட்டியைப் பாருங்கள்

குடோனில் பாதி இடத்தைச் சரக்கு அடைப்பதில்லை, நடைபாதைதான் அடைக்கிறது. அந்த நடைபாதையை ஒழித்துக்கட்டிய இயந்திரம் ஆட்டோஸ்டோர். நார்வேயில் நெட்ரே வாட்ஸ் என்ற சிற்றூரில் எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகம் விற்ற ஹாட்டலாண்ட் நிறுவனம், தன் சொந்த இட நெருக்கடிக்காக 1996இல் தொடங்கிய வேலை இது. அதே இடத்தில் நான்கு மடங்கு சரக்கு வைக்கலாம் என்கிறது ஆட்டோஸ்டோர் நிறுவனம். சாதாரண ரேக் கிடங்கோடு ஒப்பிட்டால் இது நம்பக்கூடிய கணக்குதான். ஆனால் இடம் மிச்சமாவதால் வேகமும் தானாக வந்துவிடும் என்று எண்ணி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சிக்கல் அங்கே ஆரம்பிக்கிறது.

அமைப்பு எளிது. அலுமினியத் தூண்களுக்கு நடுவே பிளாஸ்டிக் பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாக உட்காரும். உச்சியில் குறுக்கும் நெடுக்குமாகத் தண்டவாளக் கட்டங்கள் (இதுதான் கிரிட்), அதன்மேல் ரோபோக்கள். ஒவ்வொன்றுக்கும் எட்டுச் சக்கரம்: நான்கு ஒரு திசைக்கு, நான்கு மறு திசைக்கு, திரும்பும்போது ஒரு செட் மேலே தூக்கிக்கொள்ளும். ரோபோ பட்டைகளில் பிடிப்பானை இறக்கி, பெட்டியை நான்கு மூலையிலும் கவ்வித் தூக்கி, ஓரத்திலுள்ள போர்ட்டில் (சரக்கை எடுக்கும், வைக்கும் இடம்) நிற்கும் ஆளிடம் சேர்க்கும். பெட்டியின் வெளியளவு 649 × 449 மி.மீ., உயரம் 220, 330, 425 என மூன்று வகை. உள்ளே 30 கிலோ வரை வைக்கலாம். 330 பெட்டியானால் ஒரு அடுக்கில் வழக்கமாக 16 பெட்டி, 220 ஆனால் 24.

இனி அந்த அடிப்பெட்டிக்கு வருவோம். 16 பெட்டி உள்ள அடுக்கில் கடைசிப் பெட்டி வேண்டுமென்றால், மேலே உள்ள 15ஐயும் ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்து அடுக்குகளின் உச்சியில் வைக்க வேண்டும். பிறகு கேட்ட பெட்டியை எடுக்க வேண்டும். அப்புறம் அந்த 15ஐயும் திரும்ப இறக்க வேண்டும். ஒரு பொருளுக்கு 31 தூக்கல். இதை மறைப்பதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். வேலை முடிந்த பெட்டி எப்போதும் மேலேயே திரும்புவதால், ஓடும் சரக்கு தானாக மேல்மட்டத்தில் தங்கிவிடும், ஓடாதது அடியில் தேங்கும். இது உண்மையிலேயே அழகான ஏற்பாடு. இரண்டாவது, ஆர்டர் முன்கூட்டியே தெரிந்தால் போர்ட்டில் ஆள் கேட்கும் முன்பே ரோபோக்கள் தோண்டி வைத்துவிடும். இரவு வரும் ஆர்டரைக் காலையில் அனுப்பும் கடைக்கு இது வெண்ணெய் மாதிரி ஓடும். பத்து நிமிடத்தில் வண்டி ஏற வேண்டிய அவசர ஆர்டர்களே பாதி என்றால், போர்ட்டில் ஆள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

ரோபோ எத்தனை என்று எல்லோரும் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது, ஒரு ஆர்டருக்கு எத்தனை பெட்டி போர்ட்டுக்கு வர வேண்டும் என்பது. ஒரே பெட்டியிலிருந்து நான்கு ஆர்டருக்குச் சேர்த்து எடுத்தால் வரத்து நான்கில் ஒன்றாகிறது. மாறாக, இடத்தை இன்னும் மிச்சப்படுத்தப் பெட்டியை எட்டு அறையாகப் பிரித்து எட்டு எஸ்.கே.யூ. (தனித்தனிப் பொருள் வகை) போட்டால், ஒரே நேரத்தில் இரண்டு போர்ட் அதே பெட்டியைக் கேட்கும், ஒன்று காத்திருக்கும். நன்றாக ஓடும் பொருளைப் பல பெட்டிகளில் பரப்பி வையுங்கள். பேலட் கணக்கில் போகும் பொருளை இதற்குள் கொண்டுவரவே வேண்டாம். சரக்கு உள்ளே வைப்பதும் இதே ரோபோ, இதே போர்ட் வழியாகத்தான் என்பதைக் கணக்கில் விட்டுவிட்டு, காலை லோடு இறங்கும் நேரத்தில் பிக்கிங் (ஆர்டருக்குப் பொருள் எடுப்பது) ஏன் இழுக்கிறது என்று கேட்பதும் வழக்கம்.

ரோபோ மாடல்களில் ஆர்5 பழைய உழைப்பாளி. லெட்-ஆசிட் பேட்டரி, நொடிக்கு 3.1 மீட்டர். பெட்டியை உடம்புக்குப் பக்கத்தில் தொங்கவிடுவதால் இரண்டு கட்டத்தை அடைக்கும். பி1 பெட்டியைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்வதால் ஒரு கட்டம் போதும், வேகம் நொடிக்கு 4 மீட்டர், லித்தியம் பேட்டரியைத் தானே மாற்றிக்கொள்ளும். நெரிசலான சின்ன கிரிட்டில் பி1க்குப் பொருள் உண்டு. மற்றவர்களுக்கு ஆர்5, அல்லது 2023இல் வந்த லித்தியம் பேட்டரியுள்ள ஆர்5 புரோ போதும்.

கோளாறுகளில் அதிகம் தொல்லை தருவது ரோபோ அல்ல, நிரப்புகிற கை. பொருள் பெட்டியின் விளிம்புக்கு மேலே ஒரு விரல் அளவு நீட்டிக்கொண்டிருந்தால் அடுத்த பெட்டி சரியாக உட்காராது. பிடிப்பான் தடுமாறும், ரோபோ நிற்கும், அந்தப் பகுதியை மூடிவிட்டு ஆள் மேலே ஏற வேண்டும். காற்றடைத்த பாலித்தீன் உறைதான் இதில் முதல் குற்றவாளி. வைக்கும்போது அமுங்கியிருக்கும், பிறகு மெல்ல எழும். அடுத்தது தூசி. தண்டவாளத்தில் படிந்தால் சக்கரம் வழுக்கி, ரோபோ தன் இடக்கணக்கைத் தவறவிடும். கதவைத் திறந்தே வைத்திருக்கும் குடோனுக்கு இது சரிப்படாது.

நம் ஊருக்கென்று ஒரு கேள்வி உண்டு. ரோபோ ஓடுவது கூரைக்கு அடியில், சூடு தேங்குவதும் அங்கேதான். ஒரகடத்துத் தகரக் கூரைக்குக் கீழே மே மாத மதியம் கிரிட் உயரத்தில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, ரோபோவின் வெப்ப வரம்பை எழுத்தில் கேளுங்கள். தரையும் முக்கியம்: 16 பெட்டி நிறைந்தால் சரக்கு மட்டுமே ஒரு அடுக்குக்கு 480 கிலோ. தரை ஒரு பக்கம் அமர்ந்தால் தண்டவாள மட்டமும் கூடவே போகும்.

தீயைப் பற்றி மழுப்பக் கூடாது. இதே கனசதுர முறையில் தன் சொந்த ரோபோக்களை ஓட்டும் பிரிட்டனின் இணைய மளிகை நிறுவனம் ஒகாடோவின் ஆண்டோவர் கிடங்கு 2019 பிப்ரவரியில் எரிந்தது, எரித் கிடங்கில் 2021 ஜூலையில் ரோபோக்கள் மோதித் தீப்பிடித்தது. அது ஆட்டோஸ்டோர் இயந்திரம் அல்ல. ஆனால் நெருக்கமாக அடுக்கிய பிளாஸ்டிக், நடுவில் ஆள் நுழைய வழியில்லை என்பது இரண்டுக்கும் பொது. ஸ்பிரிங்ளர் வடிவமைப்பையும் காப்பீட்டாளரின் ஒப்புதலையும் முன்பணத்துக்கு முன்னால் வாங்கிவிடுங்கள்.

ஆட்டோஸ்டோர் இதைப் பெரும்பாலும் நேரடியாக விற்பதில்லை. ஸ்விஸ்லாக், எலிமென்ட் லாஜிக், டெமாடிக், கார்டெக்ஸ் போன்ற, நிறுவி இணைத்துத் தரும் நிறுவனங்கள் வழியாகத்தான் வரும். ரோபோ எல்லோரிடமும் ஒன்றே. வித்தியாசம் உங்கள் மென்பொருளோடு இணைப்பதிலும் சர்வீஸ் ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார் என்பதிலும். சின்ன பொருள், நிறைய வகை, வாடகை எகிறும் இடம் என்றால் தைரியமாகப் பேச்சைத் தொடங்கலாம். ஆயிரத்துக்கும் குறைவான வகைகளும் பெரிய அட்டைப்பெட்டிகளும்தான் உங்கள் சரக்கு என்றால் ரேக்கும் நல்ல பிக்கிங் வண்டியும் போதும். பேச்சுக்கு உட்காரும்போது சராசரி நாளின் சிமுலேஷனை (கணினியில் ஓட்டும் ஒத்திகை) காட்டுவார்கள். உங்கள் தீபாவளி வாரத்து ஆர்டர் கோப்பைக் கொடுத்து, இரண்டு ரோபோவும் ஒரு போர்ட்டும் நின்றுபோனதாக வைத்து மறுபடி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.