ஹன்னா ஹெச்ஐ 772 காரத்தன்மை மீட்டர்: சிப்பி வளர்ப்பவர்களுக்கு எவ்வளவு உதவும்?

கடல்நீர் மீன்தொட்டிக்காரர்களுக்கு இது பழகிய கருவி. உள்ளங்கையில் அடங்கும், ஒரே பொத்தான், ஒரு ஏஏஏ பேட்டரி. பவளம் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும்: இன்று தொட்டியில் எத்தனை டிகேஹெச்? (நீர் அமிலத்தைத் தாங்கும் திறன்தான் காரத்தன்மை; அதை அளக்கும் அலகு டிகேஹெச்.) சிப்பி, மட்டி லார்வா வளர்ப்பவர்களின் கேள்வி வேறு. கடல் அமிலமாவதால் குஞ்சுகளின் ஓடு கெடுகிறதா என்று பார்க்க இது உதவுமா? அதற்காக மட்டும் வாங்கினால் பணம் வீண். ஏன் வீண், எந்த வேலைக்கு வாங்கினால் போட்ட காசுக்கு மேல் உழைக்கும் என்பதுதான் இந்த விமர்சனம்.

முதலில் செய்முறை. பொத்தானை அழுத்தியதும் திரையில் சி1 வரும். குப்பியில் கோடு வரை 10 மில்லி கடல்நீரை ஊற்றி, வெளிப்பக்கத்தைத் துடைத்து, உள்ளே வைத்து அழுத்தினால் பூஜ்யம் எடுத்துக்கொள்ளும். சி2 வந்ததும் சிரிஞ்சால் 1 மில்லி ரீஏஜென்ட், அதாவது சோதனைக் கரைசல், விட்டு, மூடி, ஐந்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி, திரும்ப வைத்து அழுத்த வேண்டும். காத்திருக்கும் நேரம் கிடையாது. 0 முதல் 20 டிகேஹெச் வரை, 0.1 இடைவெளியில் எண் வரும். பெட்டியோடு வரும் ரீஏஜென்ட் 25 சோதனைக்குத்தான் காணும்.

உள்ளே நடப்பது இதுதான். ரீஏஜென்டில் அமிலமும் ஒரு சாயமும் இருக்கின்றன. நீரின் காரத்தன்மை அமிலத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மிச்சத்தைப் பொறுத்துச் சாயம் பச்சை கலந்த மஞ்சளிலிருந்து பச்சை கலந்த நீலம் வரை மாறும். அந்த நிறத்தை 610 நானோமீட்டர் ஒளியால் கருவி படிக்கிறது. பயன்படுத்தும்போது வரும் கோளாறுகள் எல்லாம் இங்கிருந்தே கிளம்புகின்றன. சிரிஞ்சில் ஒரு காற்றுக்குமிழி இருந்தால் அமிலம் குறையும், நீலம் கூடும், எண் உயர்ந்து நிற்கும். நீர் கோட்டுக்கு மேல் ஏறினாலும் அதே பக்கம்தான் தவறும். வேகமாகக் குலுக்கினால் குப்பிச் சுவரில் நுண்குமிழிகள் ஒட்டி ஒளியைச் சிதறடிக்கும். பாசித் தீனி கலந்த லார்வா தொட்டி நீரை அப்படியே ஊற்றவே கூடாது. பூஜ்யம் எடுக்கும்போது மிதந்த செல்கள் இரண்டாவது முறை அடியில் படிந்திருக்கும்; வடிகட்டாத நீரின் எண்ணை நம்ப முடியாது.

கருவியைச் சரிபார்க்கத் தனியாக விற்கும் நிறக் குப்பிகள் ஒளிப்பகுதியை மட்டுமே சோதிக்கும். ரீஏஜென்ட் கெட்டிருந்தால் அது தெரியாது. ஆய்வகத் தரச் சோடியம் பைகார்பனேட் 0.21 கிராம், ஆய்வகத் தர உப்பு 35 கிராம், இரண்டையும் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து ஒரு லிட்டர் ஆக்கினால் 7.0 டிகேஹெச் நீர் கையில் இருக்கும். உப்பு சேர்ப்பது சாயம் கடல்நீரில் நடந்துகொள்வதைப் போலவே நடந்துகொள்ள வேண்டும் என்பதற்காக. புது ரீஏஜென்ட் புட்டி திறக்கும் ஒவ்வொரு முறையும் இதைப் போட்டுப் பாருங்கள். அன்றன்று கலக்கியதுதான் சரி. போன மாதத்துக் கரைசலை நம்ப வேண்டாம்.

துல்லியத்தை நிறுவனம் மறைக்கவில்லை: ±0.3 டிகேஹெச், அதோடு எண்ணில் ±5 சதவீதம். திறந்த கடல்நீர் சுமார் 6.6 டிகேஹெச். அந்த இடத்தில் இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய 0.6, அதாவது பத்தில் ஒரு பங்கு. தொட்டி நீர் 6.6 ஆகவும் இருக்கலாம், 6.0 ஆகவும் இருக்கலாம். பவளத்துக்கு இது போதும். கடல் அமிலமாதலைக் கண்காணிக்கும் உலக வலையமைப்பான கோவா-ஆன், அன்றாடக் கண்காணிப்புக்கே காரத்தன்மையில் கிலோவுக்கு 10 மைக்ரோமோல் துல்லியம் கேட்கிறது. இந்தக் கருவியின் தவறோ 0.6 டிகேஹெச், அதாவது 200 மைக்ரோமோலுக்கு மேல் போகலாம். ஆக, இந்த எண்ணை ஆய்வுக் கட்டுரையில் போட முடியாது. நேற்றைக்கும் இன்றைக்கும் ஒரே ஆள், ஒரே குப்பி, ஒரே ரீஏஜென்ட் புட்டி என்று அளந்து வித்தியாசம் பார்த்தால் மட்டும் எண்ணுக்கு மதிப்பு உண்டு.

இனி முக்கியமான குறை. இதைக் கருவியின் பழுது என்று சொல்ல முடியாது, வேதியியலே அப்படி. காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடு கரைந்து கடல்நீர் அமிலப் பக்கம் நகரும்போது காரத்தன்மை மாறாது. பிஹெச் இறங்கும், கார்பனேட் அயனி குறையும், ஓடு கட்டும் விலங்குக்குச் சிரமம் வரும். மீட்டர் மட்டும் அதே 6.6ஐக் காட்டிக்கொண்டிருக்கும்.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் நெட்டார்ட்ஸ் விரிகுடாவில் உள்ள விஸ்கி க்ரீக் ஹேச்சரியில் (சிப்பிக் குஞ்சு பொரிப்பகம்) 2007, 2008 ஆண்டுகளில் பசிபிக் சிப்பி லார்வாக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. முதலில் விப்ரியோ பாக்டீரியா மேல்தான் சந்தேகம். கிருமியைக் களைந்த பிறகும் சாவு நிற்கவில்லை. கோடையில் வடக்குக் காற்று வீசும்போது ஆழத்திலிருந்து மேலேறி வரும் குளிர்ந்த, கார்பன் டை ஆக்சைடு மிகுந்த நீர்தான் காரணம் என்பதை ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பர்க் ஹேல்ஸ் முதலானோர் அளந்து காட்டினார்கள்; 2012ல் ஆய்வு வெளியானது. அங்கே காட்டிக்கொடுத்தது நீரிலுள்ள கார்பன் டை ஆக்சைடையும் மொத்த கார்பனையும் விடாமல் அளக்கும் கருவி. ஹெச்ஐ 772ஐ மட்டும் வைத்திருந்தால் அந்த நீர் உள்ளே வந்ததே தெரிந்திருக்காது.

லார்வாவுக்கு அந்த நீர் ஏன் அவ்வளவு ஆபத்து என்றால், பசிபிக் சிப்பியின் முட்டை கருவுற்று இரண்டு நாளுக்குள் முதல் ஓட்டைக் கட்டி முடித்தாக வேண்டும். அப்போது வாயும் சரியாக இயங்காது, தீனியும் எடுக்காது. முட்டையில் தாய் வைத்த கொழுப்புதான் கையிருப்பு. அந்த முதல் ஓடு அரகோனைட், கால்சியம் கார்பனேட்டின் ஒரு வடிவம். நீரில் அரகோனைட்டின் நிறைவு எண், ஆய்வகத்தில் ஒமேகா என்று சொல்வது, குறையக் குறைய அதே ஓட்டுக்குக் கூடுதல் கொழுப்பு செலவாகும். எண் 1க்குக் கீழே போய் ஓடு கரையும்போதுதான் ஆபத்து என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். லார்வாவுக்குச் சிரமம் 1.5 முதல் 2 வரை உள்ள பகுதியிலேயே தொடங்கிவிடும். அந்த இரண்டு நாள் தப்பினால் போதும் என்றும் சொல்ல முடியாது. கையிருப்பு தீர்ந்த குஞ்சு அடுத்த வாரங்களில் வளராமல் நிற்கும்.

ஒமேகாவைக் கணக்கிடக் காரத்தன்மை, பிஹெச், வெப்பம், உப்புத்தன்மை நான்கும் வேண்டும். சிஓ2சிஸ் என்ற இலவச நிரலில் போட்டால் விடை வரும். பேனா வடிவில் வரும் மலிவான பிஹெச் மீட்டர் 0.1 தவறினாலே ஒமேகா ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தவறும். அதோடு பிஹெச் 4, 7, 10 என்று தெரிந்த பஃபர் கரைசல்களில் ஒத்திசைத்த பேனா காட்டுவது என்பிஎஸ் எனும் பிஹெச் அளவுகோல். கடலியலார் பயன்படுத்தும் மொத்த அளவுகோலைவிட 0.1க்கு மேல் கூடுதலாக இருக்கும். நிரலில் எந்த அளவுகோல் என்று தேர்ந்தெடுக்காமல் விட்டால் கெட்ட நீரும் நல்ல நீராகத் தெரியும். செயற்கைக் கடல்நீரில் செய்த டிரிஸ் பஃபர் கிடைத்தால் அதில் ஒத்திசைப்பதே மேல். 25 பாகையில், உப்புத்தன்மை 35ல் அதன் மதிப்பு 8.09. ஆகவே ஹெச்ஐ 772க்கு ஒதுக்கிய பட்ஜெட்டோடு ஒரு நல்ல பிஹெச் மீட்டருக்கும் இடம் வையுங்கள்.

சரி, இந்த மீட்டர் எங்கே உழைக்கும்? இரண்டு இடத்தில்.

முதலாவது, நீருக்கு மருந்து கொடுக்கும்போது. விஸ்கி க்ரீக்கில் கண்ட தீர்வு, கடற்புற்கள் ஒளிச்சேர்க்கை செய்து நீரைத் தேற்றியிருக்கும் பிற்பகலில் தொட்டி நிரப்புவதும், சோடா ஆஷ் எனும் சோடியம் கார்பனேட் கலப்பதும். கணக்கு எளிது: 1000 லிட்டருக்குச் சுமார் 19 கிராம் சோடா ஆஷ் போட்டால் 1 டிகேஹெச் ஏறும். 25 பாகை வெப்பம், உப்புத்தன்மை 35, மொத்த அளவுகோலில் பிஹெச் 7.6 உள்ள நீரில் ஒமேகா 1.4 அளவில் இருக்கும்; அந்த 19 கிராம் அதைச் சுமார் 3க்கு ஏற்றிவிடும். ஆப்ப சோடா போட்டால் 1 டிகேஹெச்சுக்கு 30 கிராம் வேண்டும். ஒமேகாவும் இவ்வளவு ஏறாது. சோடா ஆஷைத் தூளாகத் தொட்டியில் கொட்டினால் அந்த இடத்தில் வெண்மையாகத் திரிந்து, கால்சியத்தையும் இழுத்துக்கொண்டு படியும். நன்னீரில் கரைத்து, தொட்டியில் காற்றுக்குமிழி கிளம்பும் இடத்தில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். போட்டது சேர்ந்ததா, திரிந்து வீணானதா என்பதை ஹெச்ஐ 772 ஒரே நிமிடத்தில் சொல்லிவிடும். 1 டிகேஹெச் ஏற வேண்டிய இடத்தில் 0.4 மட்டும் ஏறியிருந்தால் அடியில் வெள்ளைப் படிவைத் தேடுங்கள்.

இரண்டாவது, மழைக்காலம். தூத்துக்குடி முதல் பழவேற்காடு வரை வடகிழக்குப் பருவமழையில் முகத்துவார நீரின் உப்புத்தன்மை சரிந்துவிடும். வெறும் மழைநீர் கலந்து 35லிருந்து 25க்கு இறங்கினால் காரத்தன்மையும் 6.6லிருந்து 4.7 பக்கம் வந்துவிடும். இந்தச் சரிவு கருவியின் தவறு எல்லையைவிடப் பெரிது, தயங்காமல் நம்பலாம். ஆற்றுநீர் தன் பங்குக்குக் கொஞ்சம் காரத்தன்மை கொண்டுவரும் என்பதால் உப்புமானியைப் பார்த்துக் கணக்குப் போட்டு ஒப்பேற்ற முடியாது. அளந்தே ஆக வேண்டும். ஆனால் கால்சியமும் சேர்ந்து நீர்த்திருக்கும். அதை இந்த மீட்டர் காட்டாது, சோடா ஆஷும் ஈடுசெய்யாது.

வெப்பத்தைப் பற்றி இந்தக் கருவியிடம் கேட்டுப் பயனில்லை. நீர் சூடேறினால் ஒமேகா சிறிது கூடவே செய்யும், கணக்கில் எல்லாம் நன்றாகத் தெரியும். குஞ்சுகளுக்கோ மூச்சுச் செலவு கூடி, விப்ரியோவும் பெருகும். 2021 ஜூன் வெப்ப அலையில் வான்கூவர், சியாட்டில் பக்கத்துக் கரைகளில் பாறையில் ஒட்டியிருந்த மட்டிகளும் கொட்டலசுகளும் (பார்னக்கிள்) பெருந்திரளாக மடிந்தது வெயிலால்தான், நீரின் வேதியியலால் இல்லை. தொட்டிக்கு ஒரு வெப்பமானி, தினமும் காலையும் பிற்பகலும் குறிக்க ஒரு நோட்டு, இவை மீட்டருக்கு முன்பே வாங்க வேண்டியவை.

கல்லூரி ஆய்வகத்தில் ப்யூரெட்டும் நல்ல பிஹெச் மீட்டரும் பொறுமையான மாணவர்களும் இருந்தால் ஹெச்ஐ 772 தேவையே இல்லை. உப்புக் கரைசலில் தயாரித்த 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் டைட்ரேஷன் செய்து (அமிலத்தைச் சிறிது சிறிதாக விட்டு பிஹெச் இறங்குவதைக் குறித்து), கிரான் எனும் கணக்கு முறையில் கணக்கிட்டால் இதைவிடப் பல மடங்கு துல்லியம் வரும். ஒரு மாதிரிக்கு அரைமணி நேரம் ஆகும். ஹேச்சரியில் காலை ஆறு மணிக்கு எட்டுத் தொட்டியையும் பார்த்தாக வேண்டியவருக்கு மீட்டர்தான் சரி. அவர் ரீஏஜென்ட் வாங்கும்போது எட்டுத் தொட்டிக்கு 25 சோதனை மூன்று நாள்தான் வரும் என்று கணக்கிட்டு, காலாவதித் தேதியைப் பார்த்து மொத்தமாக வாங்கிக்கொள்ளட்டும்.