ஒட்டிய யானைக்கு எந்தத் தையல்?

அக்காவின் பேத்திக்கு நான் தைத்த குவில்ட்டில், அதாவது பஞ்சு வைத்துத் தைத்த போர்வையில், துணியில் வெட்டிய ஒன்பது யானைகள், வரிசைக்கு மூன்று. ஒன்பதையும் பசைத் தாள் (சூட்டில் உருகி இரண்டு துணியை ஒட்டுவது) வைத்து இஸ்திரி போட்டுத்தான் ஒட்டினேன். ஓரத்தை மட்டும் ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு விதமாகத் தைத்தேன். பரிசோதனை எல்லாம் இல்லை, எதைத் தேர்ந்தெடுப்பது என்ற குழப்பம்தான். ஒன்றரை வருடம் துவைத்த பிறகு மூன்று வரிசைக்கும் மூன்று கதி.

ஒட்டியாயிற்றே, தையல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: துவைக்கும் துணி என்றால் தையல் வேண்டும். பசை துண்டை நகராமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஹீட் அண்ட் பாண்ட் என்ற பசைத் தாளில் 'லைட்' தைப்பதற்கு, 'அல்ட்ரா' தைக்காமல் விடுவதற்கு. அல்ட்ராவின் மேல் தைத்தால் ஊசியில் பசை அப்பிக்கொண்டு தையல் விட்டுவிட்டு விழும். கடையில் கேட்கும்போது இரண்டு பக்கமும் ஒட்டுவதா என்று பார்த்து வாங்குங்கள். எனக்கு ஒருமுறை காலருக்கு வைக்கும் கேன்வாஸைத் தந்துவிட்டார்கள். அது ஒரு பக்கம்தான் ஒட்டும்.

முதல் வரிசை, மெஷினில் நெருக்கமான ஜிக்ஜாக், அதாவது சாட்டின் தையல். பார்க்க அழகு, கடையில் வாங்கியது போல இருக்கும். துணிக்கு அடியில் ஒரு தாளாவது வைத்துத் தைக்காவிட்டால் சுருக்கம் விழும். யானைக்குப் பதினைந்து நிமிடம் ஆனது. இரண்டாவது வரிசை, ஓரத்திலிருந்து ஒரு நூல் அளவு, அதாவது அரைக்கால் அங்குலம், உள்ளே தள்ளி நேர்த்தையல். ஐந்து நிமிட வேலை, பழைய கால்மிதி மெஷினே போதும். மூன்றாவது, ஆங்கர் எம்பிராய்டரி நூலில் இரண்டு இழை எடுத்துக் கையால் போட்ட பிளாங்கெட் தையல், அதாவது ஓரத்தை ஒட்டி நூல் ஓட, இடைவெளி விட்டு உள்நோக்கிக் குத்துவது. ஒரு யானைக்கு ஒரு சாயங்காலம் போனது, மறைக்க ஒன்றுமில்லை.

துவைக்கத் துவைக்க நேர்த்தையல் யானைகளின் கால்கள் பிசிர் விட்டன. கால்கள் நேர் இழையில் வெட்டியவை, ஓரத்துக்கு இணையாக ஓடும் நூல் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தது. வளைந்த தும்பிக்கை பெரும்பாலும் கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக, விழுந்ததால் அங்கே பிசிர் குறைவு. அந்தப் பஞ்சுபோன்ற ஓரம் சிலருக்குப் பிடிக்கும். எனக்கு அது அழுக்குத் துணி போலத் தெரிகிறது.

சாட்டினில் பிசிரே இல்லை. ஆனால் ஒரு யானையின் காது முழுசாகக் கழன்றது. நான் எல்லாவற்றையும் எடைபோட்டது இந்த இடத்தில்தான். நெருக்கித் தைக்கும்போது ஊசி துணியில் அடுத்தடுத்துத் துளை போடுகிறது. தபால்தலையைக் கிழிக்க வசதியாக ஓட்டை போட்டிருப்பார்களே, அந்த மாதிரி. குழந்தை பிடித்து இழுத்ததும் அந்தக் கோட்டிலேயே கிழிந்துவிட்டது. தையலைப் பிரிக்க உட்கார்ந்தேன். ஒரு அங்குலத்துக்கு அறுபது எழுபது குத்து, பிரித்த இடத்தில் துணியே மிச்சமில்லை. கடைசியில் அதன் மேல் பெரிதாக வேறு காது வெட்டி ஒட்டினேன். இப்போது அந்த யானைக்கு ஒரு காது மட்டும் முறம் அளவு.

பிளாங்கெட் வரிசையிலும் ஓரிடம் அறுந்தது, குழந்தையின் கொலுசு மாட்டி. அறுந்த இடத்துக்கு இருபுறமும் இரண்டு மூன்று தையல் நெகிழ்ந்திருந்தது. அதே நிற நூலைக் கோத்து ஏழெட்டுத் தையல் போட்டேன். டிவி விளம்பரம் முடிவதற்குள் வேலை முடிந்தது. எங்கே அறுந்தது என்று இன்று எனக்கே தெரியவில்லை. குழந்தைக்குப் போகும் பொருள் எப்படியும் கிழியும். கிழிந்தால் எளிதாகச் சரிசெய்ய முடிகிறதா என்பதுதான் என் கணக்கு.

கைத்தையலுக்கு ஒரு தொந்தரவு உண்டு. பசை இறுகிய துணியில் ஊசி இறங்க மறுக்கும், விரல் நோகும். அதற்கு வழி, பசைத் தாளின் நடுப்பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, ஓரமாகக் கால் அங்குலப் பட்டையை மட்டும் விட்டு ஒட்டுவது. யானையின் வயிறும் அட்டை மாதிரி விறைக்காமல் மெத்தென்று இருக்கும். தாளில் வரையும்போது படத்தை இடவலம் மாற்றி வரைய வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். என் முதல் வரிசை மட்டும் எதிர்த்திசையில் நடப்பதற்குக் காரணம் அதுதான்.

மெஷினிலேயே பிளாங்கெட் தையல் இருந்தால்? பக்கத்து வீட்டு மெஷினில் ஒரு தலையணை உறை மட்டும் தைத்துப் பார்த்தேன். வேகம், ஒழுங்கு இரண்டும் உண்டு. துவைத்து அதிக நாள் ஆகாததால் அதற்கு மார்க் போடும் நிலையில் நான் இல்லை. நான் சொல்வதெல்லாம் நெருக்கமாக நெய்த பருத்திக்குத்தான். பட்டில் நான் கை வைத்ததில்லை.

சுவரில் மாட்டும் துணிப்படத்துக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. அதை யாரும் துவைப்பதில்லை, எப்போதாவது தூசி தட்டுவதோடு சரி. அங்கே நான் நேர்த்தையல் கட்சி. மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் அடுக்கிவிட்டு ஓரத்தைத் தைத்தால் அப்ளிக் (ஒட்டிய உருவம்) ஓரமும் குவில்ட்டிங்கும் (மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைப்பது) ஒரே ஓட்டத்தில் முடியும். சாட்டின் அங்கே பாரம், துணி தட்டையாகத் தொங்காது. எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கும் மயில் இரண்டு வருடமாக நேர்த்தையலோடுதான் நிற்கிறது. ஒரு தோகை நுனி லேசாகப் பிசிர் விட்டிருக்கிறது. தோகைதானே, விட்டுவிட்டேன்.