ஸ்பைடர்கோ ஸ்பிரிண்ட் ரன், பழைய செபென்சா, பெஞ்ச்மேட் கோல்டு கிளாஸ்: கூர்மையை வைத்துப் பார்த்தால் எது?

அரிய ஃபேக்டரி கத்திகளைச் சேர்க்க ஆரம்பிக்கிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: ஒரு நல்ல மடக்குக்கத்திக்குத்தான் இப்போது காசு இருக்கிறது, எதை வாங்கட்டும்? என் பதில், 52100 எஃகில் வந்த ஸ்பைடர்கோ பாராமிலிட்டரி 2. மறுவிற்பனையில் எது ஏறும் என்று பார்த்தால் பதில் மாறலாம். நான் பார்ப்பது கூர்மையை மட்டும். வெட்டாத கத்தியை அரியது என்று சொல்லிப் பெட்டியில் வைப்பதில் எனக்கு ஈடுபாடே கிடையாது.

ஸ்பைடர்கோ நிறுவனம் தன் வழக்கமான மாடலையே வேறு எஃகில், வேறு கைப்பிடியில் ஒரே ஒரு தடவை செய்து நிறுத்திவிடும், அதுதான் ஸ்பிரிண்ட் ரன். சாதாரண பாராமிலிட்டரி 2 பல வருடம் எஸ்30வி எஃகில் வந்தது. கிட்டத்தட்ட மூன்றரை அங்குல அலகு. ஸ்பிரிண்ட் ரன்னாக வந்த 52100 பதிப்பில் வடிவம் அதேதான், ஆனால் தீட்டும்போது வேறு கத்தி. காரணம் கார்பைடு, அதாவது எஃகுக்குள் இருக்கும் கடினமான துகள்கள். எஸ்30வியில் 4 சதவீதம் வனேடியம் இருக்கிறது, அதிலிருந்து உருவாகும் கார்பைடுகள் சாதாரண அலுமினா சாணைக்கல்லைவிடக் கடினம், அதனால் கல் அவற்றைச் சரியாக அறுக்காமல் சுற்றியுள்ள இரும்பை மட்டும் தேய்த்துக்கொண்டு போகும். 52100 பால் பேரிங் செய்யப் பிறந்த எஃகு, ஏறக்குறைய 1 சதவீதம் கார்பன், 1.5 சதவீதம் குரோமியம், அவ்வளவுதான் கணக்கு. கார்பைடுகள் பொடிப்பொடியாக இருப்பதால் அலகின் ஒவ்வொரு பக்கமும் 12 டிகிரி வரை இறக்கித் தீட்டினாலும் விளிம்பு சில்லு சில்லாகப் பெயராமல் நிற்கும். தீட்டும்போது விளிம்பில் சுருண்டு நிற்கும் பிசிறும் பிடிவாதம் பிடிக்காது. கல்லில் கடைசியாக நாலைந்து இழுப்பு அழுத்தமே இல்லாமல் இழுத்து, தோல்பட்டையில் இரண்டு தடவை தேய்த்தால் உதிர்ந்துவிடும். அப்புறம் அலகைத் திருப்பி, கூர் கண்ணைப் பார்க்கும்படி விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள், எந்த இடத்திலும் வெள்ளைக் கோடு மினுங்கக் கூடாது. மினுங்கினால் அந்த இடம் மழுங்கல். இந்தக் கத்தியில் அந்தக் கோட்டை இல்லாமல் ஆக்குவது சுலபம், செய்தித்தாளின் ஓரத்தை இழைக்குக் குறுக்காக வைத்தால் சத்தமே வராமல் இறங்கும்.

குறை இருக்கிறது. துரு பிடிக்கும். சென்னை மாதிரி உப்புக்காற்று ஊரில் துடைக்காமல் வைத்தால் சீக்கிரமே காட்டிக்கொடுக்கும். எலுமிச்சை வெட்டினால் அலகில் நீலச்சாம்பல் படலம் விழும். எனக்கு அந்தப் படலம் பிடிக்கும், புதுசு மாதிரியே இருக்க வேண்டும் என்பவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். அட்டைப்பெட்டிகளாக வெட்டித் தள்ளினால் எஸ்30வியைவிடச் சீக்கிரம் கூர் போகும் என்பதும் உண்மைதான், ஆனால் திரும்பக் கொண்டுவர ஆகும் நேரமும் கொஞ்சம்தான். எதிர்முனையில் மாக்ஸமெட் என்ற எஃகு இருக்கிறது, 13 சதவீதம் டங்ஸ்டன், கூர் போகவே போகாது போலிருக்கும். போனால் வைரத்தகடு இல்லாமல் ஒன்றும் நடக்காது, பக்கவாட்டில் நெம்பினால் சில்லும் பெயரும்.

இப்போது செபென்சா. தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவின் ஐடஹோவுக்குக் குடிபெயர்ந்த கத்தி வடிவமைப்பாளர் கிறிஸ் ரீவுக்குப் பெயர் வாங்கித் தந்த கத்தி. டைட்டானியம் கைப்பிடி, வெண்கல வாஷர், திறந்து மூடும்போது எங்கேயும் ஒரு தடங்கல் இருக்காது. ஃபேக்டரி கத்தியில் பொருத்தத்தின் துல்லியம் என்றால் இதைத்தான் இன்னும் சொல்வார்கள், அதை நானும் மறுக்கவில்லை. தேட வேண்டியது புதியதை அல்ல, பிஜி-42 அலகு உள்ள பழையதை. அலகின் எஃகு முதலில் ஏடிஎஸ்-34, அப்புறம் பிஜி-42, அதன்பின் எஸ்30வி என்று மாறியது. அந்த எஸ்30வி எஃகையே 2001 வாக்கில் க்ரூசிபிள் நிறுவனம் உருவாக்கியபோது ரீவ் கூடவே ஆலோசனை சொன்னவர், அதனால் பிஜி-42 காலம் சின்னதாகவே முடிந்துபோனது. வேடிக்கை என்னவென்றால் பிஜி-42ம் பேரிங்குக்காகப் பிறந்ததுதான், விமான எஞ்சின் பேரிங். வெற்றிடத்தில் இரண்டு முறை உருக்கிச் சுத்தம் செய்த எஃகு, 14 சதவீதத்துக்கு மேல் குரோமியம், ஆகவே துருப் பயம் குறைவு. அலகு உட்குழிவாக இழைத்தது, கூருக்குப் பின்னால் மெலிசு, ஆப்பிளில் நன்றாக இறங்கும். கூரும் அருமைதான். ஆனால் 52100 எட்டுகிற அந்தக் கடைசி மென்மையை நான் இதில் கண்டதில்லை. விலை வேறு பயமுறுத்தும். கூடவே வரும் பிறப்பு அட்டையை, அதாவது கத்தி செய்த நாளைக் குறிக்கும் அட்டையைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள், போலிகள் ஏராளம், அட்டையும் அச்சடிக்கக் கூடியதே.

பெஞ்ச்மேட் நிறுவனத்தின் அலங்கார வரிசையான கோல்டு கிளாஸைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பெரும்பாலும் ஸ்வீடனின் டமாஸ்டீல், அதாவது ஆர்டபிள்யூஎல்-34, பிஎம்சி-27 என்ற இரண்டு பொடி எஃகுகளை அடுக்கி முறுக்கி அமிலத்தில் தோய்த்து எடுத்த அலைஅலையான அலகு. எஃகில் குறையே சொல்ல முடியாது, நன்றாகத் தீட்டலாம். பிரச்சினை என்னவென்றால் நீங்கள் பணம் கொடுப்பது அந்த அலைக்கும் கைப்பிடி வேலைப்பாட்டுக்கும் வரிசை எண்ணுக்கும். நாலு அட்டை வெட்டினால் அலகின் பக்கத்தில் கீறல் விழுந்து அலை மங்கும், அதனாலேயே வாங்கியவர் யாரும் வெட்டுவதில்லை. கண்ணாடிக்குப் பின்னால் பார்க்க அழகுதான், சந்தேகமில்லை. என் பட்டியலில் மூன்றாம் இடம்.

ஃபேக்டரியிலிருந்து வந்த கூர்மையைத் தீட்டி மாற்றலாமா என்ற சண்டை தனி. தொட்டால் விலை குறையும் என்பார்கள். குறையட்டும். வேகமாக ஓடும் பெல்ட்டில் வைக்கும்போது விளிம்பின் மெல்லிய நுனி சூட்டில் பதம் கெட வாய்ப்பிருக்கிறது, கையால் நிதானமாகத் தீட்டி அந்த நுனியை எடுத்த பிறகுதான் எஃகின் உண்மையான கூர் வெளியே வரும். ஆகவே தீட்டாமலே வைத்திருப்பவருக்குத் தன்னிடம் இருப்பது எப்படிப்பட்ட எஃகு என்றே தெரிய வழியில்லை.

பழையதாக வாங்கும்போது 52100க்கு ஒரு சௌகரியம் உண்டு. விற்பவர் சம்மதித்தால் அலகில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுக் கொஞ்ச நேரம் பொறுங்கள். கறை விழவில்லை என்றால் அது 52100 அல்ல, துருப்பிடிக்காத வேறு ஏதோ எஃகு என்று சந்தேகப்படலாம். செபென்சாவுக்கு இப்படிச் சுலபமான சோதனை கிடையாது, நம்பிக்கையான கையிலிருந்து வந்தால் மட்டும் வாங்குங்கள்.