மழைக்குத் தாக்குப்பிடித்தவை: ஏழு வருடப் பயணச் சாமான்கள்

எனக்கு மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் வீடு. பகல் மூன்று மணிக்கு மேல் மலைப்பக்கம் கறுத்தால் அரை மணியில் மழை கொட்டும். அதனால் எந்தப் பயணச் சாமானைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, நனைந்தால் இது என்ன ஆகும் என்பதுதான். விலையும் அழகும் அப்புறம். 2018இலிருந்து நான் வாங்கிய புதுமாதிரிச் சாமான்களில் எது நின்றது, எது போனது என்று எழுதுகிறேன். எல்லாம் என் சம்பளக் காசில் வாங்கியவை. அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து மோட்டார்சைக்கிளில் பேராக் முழுக்கச் சுற்றியபோது பயன்பட்டவை.

முதலில் டிரை பேக். வாயைச் சுருட்டி மூடும், தண்ணீர் புகாத பை. என்னுடையது 20 லிட்டர். இரண்டு விளிம்பையும் சேர்த்துப் பிடித்து, உள்ளே இருக்கும் காற்றை அமுக்கி வெளியேற்றி, குறைந்தது மூன்று சுருட்டுச் சுருட்டிக் கொக்கியை மாட்ட வேண்டும். அந்த மூன்றாவது சுருட்டின் அருமை தெமெங்கோர் ஏரியில்தான் தெரிந்தது. பூலாவ் பாண்டிங் படகுத்துறையிலிருந்து ராயல் பெலும் காட்டுக்குப் போகும்போது பைகளைப் படகின் முன்பக்கம் அடுக்கினார்கள். போகும் வழியெல்லாம் தண்ணீர் தெறித்தது, நடுவில் மழையும் பிடித்துக்கொண்டது. இறங்கிப் பார்த்தால் தம்பியின் பையில் துணி மொறுமொறுவென்று காய்ந்திருக்கிறது. அவசரத்தில் இரண்டு சுருட்டோடு விட்ட என் பையின் அடியில் ஒரு கை தண்ணீர். இரண்டும் ஒரே கடையில் வாங்கிய ஒரே பை.

அந்தப் பை மழையில் போகவில்லை, அலமாரியில் போனது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் மடித்து உள்ளே வைத்தேன். மறுபடி வெளியே எடுக்க ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மடிப்பைப் பிரித்தபோது உள்பக்கம் பலாப்பழப் பிசின் மாதிரி கையில் ஒட்டியது. புளித்த வாடை. விரலால் தேய்த்தால் பூச்சு தோல் தோலாக உரிந்து வந்தது. நைலான் துணியின் உள்ளே பூசியிருந்தது பாலியூரித்தேன். காற்றில் இருக்கும் ஈரமே அதை மெல்ல மெல்லச் சிதைக்கும். எடுத்து வைத்த சப்பாத்தின் அடி திடீரென்று பொடிப்பொடியாக உதிர்கிறதே, பல நேரம் அதற்கும் இதுதான் காரணம். நம் ஊர் ஈரத்தில் பயன்படுத்தாமல் மடித்து வைப்பதுதான் அதற்கு எமன். அடுத்து வாங்கியது பிவிசி தார்ப்பாய்ப் பை. கனம் கூடுதல், மடித்தால் முரடாக நிற்கும், ஆனால் நான்கு வருடமாகிறது, உள்பக்கம் இன்னும் வழவழப்பாகவே இருக்கிறது. இப்போது மடிப்பதும் இல்லை. கழுவி, வாயைத் திறந்து ஆணியில் தொங்கவிடுகிறேன். நம் ஊரில் ஒருவர் ஒரே ஒரு பயணச் சாமான்தான் வாங்குவேன் என்றால் இந்தப் பையைத்தான் சொல்வேன்.

அடுத்தது நெற்றி விளக்கு. இதைப் பற்றிப் பேச என்னைவிட அம்மாவுக்குத்தான் தகுதி. அம்மா ரப்பர் மரம் சீவியவர். வெயில் ஏறுவதற்கு முன், குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் இருட்டிலேயே காட்டுக்குள் போய்விட வேண்டும். அப்போது நெற்றியில் கட்டியது கார்பைட் விளக்கு. அடிக் குப்பியில் கல், மேல் குப்பியில் தண்ணீர். தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கல்லில் விழ, கிளம்பும் வாயு முனையில் எரியும். அந்த வாடை தலைமுடியில் நாள் முழுக்க இருக்கும் என்று அம்மா சொல்வார். என் எல்இடி விளக்கைக் கையில் வாங்கியதும் எவ்வளவு வெளிச்சம் என்று அவர் பார்க்கவில்லை. தலையில் மாட்டிக் குனிந்தார், நிமிர்ந்தார், விளக்கின் கழுத்தை மேலும் கீழும் ஆட்டினார். “வெளிச்சம் கை போற இடத்துல விழணும் பாப்பா. அங்க விழலன்னா பட்டையில காயம் பட்டுடும்” என்றார்.

அதை மனதில் வைத்துத்தான் இரண்டாவது விளக்கை வாங்கினேன். முதலாவது ஐபிஎக்ஸ் 4 தரம். அந்தத் தரம் தெறிக்கும் நீருக்குத்தான். கோப்பெங் பக்கம் இருக்கும் குவா தெம்புரோங் சுண்ணாம்புக் குகையில் ஆற்று வழியாகத் தவழ்ந்து போகும் பாதை உண்டு. அங்கே ஒரு முறை முழுகி எழுந்ததும் அது கண் சிமிட்டி அணைந்துவிட்டது. இப்போது இருப்பது ஐபிஎக்ஸ் 7. ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் தரம். கழுத்து மூன்று நிலையில் சாயும். ஐந்து வருடத்தில் மாற்றியது பட்டியை மட்டும்தான், வியர்வையில் இழுவை போய்விட்டது.

வடிகட்டும் தண்ணீர் போத்தலைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். உள்ளே மயிரிழை போன்ற குழாய்க் கட்டு இருக்கும். அதன் துளை 0.2 மைக்ரான். பாக்டீரியாவும் அதைவிடப் பெரிய ஒட்டுண்ணிகளும் அதில் தங்கிவிடும். அதைவிட நுண்ணிய வைரஸ் தங்காது, தண்ணீரில் கரைந்த மருந்து தங்கவே தங்காது. ஒரு நாள் செம்பனைத் தோட்டத்து ஓரமாக வரும்போது ஓடையில் போத்தலை முக்கினேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அம்மா கையைப் பிடித்துவிட்டார். “அத வாயில வைக்காத. மேல மருந்தடிச்சிருப்பாங்க.” மரம் சீவுவதை விட்ட பிறகு அம்மா புல்லுக்கு மருந்தடிக்கும் வேலைக்கும் போனவர். முதுகில் மருந்துத் தொம்பு, முகத்தில் ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. அப்போது அடித்த பாராகுவாட் என்ற களைக்கொல்லியை நம் நாட்டில் 2020 ஜனவரியில்தான் தடை செய்தார்கள். காட்டு ஓடைக்கு இந்தப் போத்தல் சரி. தோட்டத்து ஓடைக்கு வேண்டவே வேண்டாம். விற்கிறவர்கள் இதைப் பெரிய எழுத்தில் போட வேண்டும். நான் வாங்கிய பெட்டியில் அப்படி எதுவும் இல்லை.

மடக்கும் சோலார் பலகை இங்கே வீண். மரநிழலில் ஒன்றும் ஏறாது, வெட்டவெளியில் வைத்தால் கூடவே கைப்பேசியும் கொதிக்கிறது. அந்தக் காசுக்கு 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் வாங்கலாம். 3.7 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் 74 வாட் மணி வரும். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக வழக்கமாக உள்ள 100 வாட் மணி வரம்புக்குள் அடங்கும். அட்டை கடிக்காமலிருக்கப் போடும் காலுறை பெலும் காட்டுக்கு மட்டும். முழங்கால்வரை இழுத்துக் கட்டினால் போதும், அட்டை துணியில் ஊருமே தவிர தோலுக்கு வராது.

இவ்வளவு சாமான் சேர்த்த பிறகும், எங்களுக்கு மிகவும் பிடித்த இடங்களுக்கு ஒரு பையும் மழைச்சட்டையும் போதும். கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்தின் அருகே ஒரு ரப்பர் மரம் வேலி போட்டு நிற்கிறது. 1877இல் நட்ட கன்றுகளில் ஒன்று. அம்மா வேலிக்கு வெளியே நின்று பட்டையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து காஜாவில் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி கெல்லி ஸ்மித் கட்டி முடிக்காமல் விட்ட மாளிகையைப் பார்க்கத்தான் கூட்டம் போகிறது. பக்கத்து மாரியம்மன் கோயிலையும் பார்த்துவிட்டு வாருங்கள். அந்த மாளிகையைக் கட்டிய தமிழ்த் தொழிலாளர்களிடையே நோய் பரவியபோது அவர்கள் கேட்டு எழுந்த கோயில் என்று சொல்வார்கள். கூரைச் சிலைகளுக்கு நடுவே தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் நிற்பார், அது கெல்லி ஸ்மித்.

கெடா பக்கம் என்றால் மெர்போக் அருங்காட்சியகம். அருகிலேயே சண்டி புக்கிட் பத்து பஹாட் கோயில் அடித்தளம். ராஜேந்திர சோழன் கொண்ட கடாரம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அந்த மண்ணில் நின்று குனூங் ஜெராய் மலையைப் பார்க்கலாம்.

எங்களுக்கு மிகப் பக்கம் கராய் விக்டோரியா பாலம். 1897இல் தொடங்கி 1900இல் முடித்த ஒற்றைத் தண்டவாளப் பாலம். ரயில் இப்போது பக்கத்துப் புதுப் பாலத்தில் போகிறது. பழைய பாலத்தை ஒட்டிய நடைபாதையில் பேராக் ஆற்றைத் தாண்டலாம். போன மாதம் விடியுமுன் போனோம். அம்மா நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். வெளிச்சம் சரியாக அவர் அடுத்த அடி வைக்கும் பலகையில் விழுந்தது. நடு ஆற்றுக்கு வந்ததும் விளக்கை அணைத்துவிட்டு, கிழக்கே வெளுக்கும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.